உரைகல்லை எடுத்துவிட்டு ஸ்பூனைக் கொடுக்காதீர்கள்: நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும் மூலிகைப் பொட்டலம் போடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

நாட்டு மருந்துக் கடை நடத்தும் பெரியோர்களுக்கும், குழந்தைகளுக்கென்று மூலிகைப் பொடியும் சிரப்பும் அடைத்து விற்போருக்கும்,

உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது புதிதாக ஒரு பொட்டலம் தொங்குகிறது. முன்பக்கம் சிரிக்கும் குழந்தையின் படம். 'அடம், பயம், படபடப்பு, தூக்கமின்மை நீங்கும்; முழுக்க இயற்கை; பக்க விளைவு இல்லை' என்று பெரிய எழுத்து. பின்பக்கம் திருப்பினால் 'வசம்பு, சாதிக்காய், பிரமி, அமுக்கரா, சடாமாஞ்சில் முதலியன' என்று ஒரே வரி. எது எத்தனை கிராம் என்று இல்லை. வேரா, இலையா என்று இல்லை. எந்த வயதுக்கு என்று இல்லை. 'ஒரு ஸ்பூன் பாலிலோ தேனிலோ குழைத்துக் கொடுக்கவும்' என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த 'முதலியன'வையும் அந்த 'ஒரு ஸ்பூனை'யும் எங்களால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் எங்களுக்குத் தெரியும். 'பரம்பரையாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்ததுதானே?' என்பீர்கள். பாட்டிமார் கையில் இருந்தது பொடி அல்ல, உரைகல். பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிய பிறகு சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுட்ட வசம்பு என்று ஒவ்வொன்றையும் கல்லில் சொட்டு நீர் விட்டு ஒரு இழைப்பு, இரண்டு இழைப்பு இழைப்பார்கள். கெட்டியான கொட்டையைக் கல்லில் எத்தனை அழுத்தித் தேய்த்தாலும் விரல்நுனியில் பூசுகிற அளவுக்கு மேல் விழுது வராது. ஒரே சாதிக்காய் ஒரு பிள்ளை வளர்ந்து அடுத்த பிள்ளைக்கும் மிச்சமிருக்கும். அந்தக் கல்தான் அளவுகோல். மருந்து மிஞ்சிப் போகாமல் காத்தது அதுதான். அதே சரக்கை இயந்திரத்தில் மாவாக அரைத்து, ஸ்பூனோடு கையில் கொடுத்தால் பெயர் மட்டுமே பழையது. அளவு முழுக்கப் புதியது. அந்த அளவைப் பரம்பரை ஒருநாளும் கொடுத்ததில்லை.

சாதிக்காயையே எடுத்துக்கொள்வோம். அதன் எண்ணெயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. தூக்கம் தருவதும் அளவு மீறினால் பிதற்ற வைப்பதும் இத்தகைய பொருள்களால்தான். வளர்ந்தவர்கள் ஏறக்குறைய 5 கிராம் பொடி உண்டாலே நஞ்சேறிய குறிகள் தென்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. கால் தேக்கரண்டி சாதிக்காய்ப் பொடி அரை கிராம் இருக்கும். 10 கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்த அரை கிராம், 60 கிலோ ஆளுக்கு 3 கிராம் கொடுப்பதற்குச் சமம். தினமும் இரவில் கொடுக்கச் சொல்கிறது பொட்டலம்.

இதைவிட மோசமானது நேரக்கணக்கு. சாதிக்காயின் வேகம் ஏறுவதற்கு 3 முதல் 6 மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குக் கொடுத்த பொடி அரை மணியில் வேலை செய்யவில்லை என்று தாய் இரண்டாவது ஸ்பூன் கொடுக்கிறாள். இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் ஏறும்போது முகம் சிவக்கும், வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை இல்லாததைப் பார்த்து அழும். பிறகு மறுநாள் மதியம்வரை எழுப்ப முடியாத தூக்கம். 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். 'மறுமுறை கொடுக்காதே' என்ற ஒரு வரியைக்கூட நீங்கள் அச்சிடவில்லை.

கலவைப் பொடியில் இன்னொரு சிக்கல் உண்டு. சரக்கு கையாளும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. சாதிக்காய்ப் பொடியில் எண்ணெய்ப்பசை உண்டு, கட்டி கட்டும். பிரமி போன்ற இலைப்பொடி இலேசானது, மேலேயே நிற்கும். வண்டியில் குலுங்கி, கடையில் மாதக்கணக்கில் தொங்கிய பொட்டலத்தின் முதல் ஸ்பூனும் கடைசி ஸ்பூனும் ஒரே மருந்து அல்ல. வீட்டு ஸ்பூன்களோ 3 மில்லியும் பிடிக்கும், 7 மில்லியும் பிடிக்கும்.

வசம்புக்கு வருவோம். பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பேர் சொல்லா மருந்து என்றும் நம் வீடுகளில் மரியாதை பெற்ற சரக்கு. அதை விளக்குச் சுடரில் கரியாகும்வரை சுட்டுத்தான் இழைப்பார்கள். அது சடங்கு அல்ல, நச்சு நீக்கும் சுத்தி முறை. இந்திய வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் மிகுதி. சுடும்போது ஆவியாகும் எண்ணெயின் பெரும்பகுதி போய்விடும். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்த சோதனைகளில் புற்றுக்கட்டிகள் தோன்றியதால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1968-ல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. நீங்கள் அரைத்து விற்பது சுடாத பச்சை வசம்பு. சுட்ட வசம்புக்கும் இதற்கும் நிறத்திலேயே வேறுபாடு தெரியும்: சுட்டது கரி, உங்களுடையது வெளிர் பழுப்பு. பச்சை வசம்புப் பொடி சற்று மிஞ்சினாலும் குழந்தைக்கு விடாமல் வாந்தி எடுக்கும். வாந்தியில் நீர் வற்றிய சிறு குழந்தை சோர்ந்து கிடப்பதை 'அடம் குறைந்தது' என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

வசம்பு வளையல் பற்றியும் சொல்ல வேண்டும். துண்டு துண்டாக நறுக்கித் துளையிட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து விற்கிறீர்கள். பல் முளைக்கும் பிள்ளை கையில் எது கட்டினாலும் வாயில்தான் வைக்கும். கயிறு ஊறி அவிழ்ந்தால் ஒரு வசம்புத் துண்டே தொண்டையில் சிக்கப் போதும். சிக்காவிட்டாலும் பச்சை வசம்பை நாள் முழுக்கச் சப்புகிறது அந்தப் பிள்ளை. கல்லில் ஒரு இழைப்பு என்று கணக்குப் பார்த்த சரக்கைக் கணக்கே இல்லாமல் கையில் கட்டிவிட்டோம்.

தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கச் சோர்வு, அழுகை மெலிதல், கழுத்து தொங்குதல், கடைசியில் மூச்சு. காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. 'தேனில் குழைத்து' என்ற இரண்டு சொற்கள் எல்லாப் பொட்டலத்திலும் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் முன்னே, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்; கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்துக்கும் அது பொருந்தும் என்பதே எங்கள் நிலை. மரபை மதிக்கிறவர்கள்தான் இதைச் சொல்கிறோம்.

பிள்ளை தூங்கக் கசகசாப் பால் கேட்டு வரும் தாயிடம் பேச்சை வளர்க்காமல் இல்லை என்று சொல்லுங்கள். கசகசா விதையில் மயக்கப் பொருள் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். விதைக்குள் குறைவுதான், ஆனால் காயிலிருந்து பிரிக்கும்போது மேல்தோலின் பாலும் தூளும் விதைமேல் ஒட்டி வருகின்றன. கழுவாத கசகசாவை ஊற வைத்த நீரில் மார்பின் என்ற மயக்கப் பொருள் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தையின் மூச்சை அடக்க மிகச் சிறிய அளவு போதும்.

இனி 'பிரமி'. இந்த ஒரு சொல்லின் கீழ் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. வடக்கிலிருந்து வரும் மூட்டையில் பிரமி என்றால் பெரும்பாலும் வல்லாரை. கேரளத்துச் சரக்கில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வல்லாரை இலை சிறுநீரக வடிவில், ஓரத்தில் மழுங்கிய பற்களோடு, நீண்ட காம்பில் நிற்கும். காம்பு இலையின் பிளவில் சேரும். நீர்ப்பிரமி இலை சிறியது, சதைப்பற்றுள்ளது, காம்பே இல்லாததுபோல் தண்டில் எதிரெதிராக ஒட்டியிருக்கும். மென்றால் நாக்கில் கசப்பு நெடுநேரம் நிற்கும். நாற்றுப் பண்ணைகளில் வல்லாரை என்று கொடுக்கும் மூன்றாவது செடி ஒன்று உண்டு: வட்ட இலை, காம்பு இலையின் நடுமையத்தில் குடைபோலச் சேரும். அது அழகுக்கு வளர்ப்பது, வல்லாரை அல்ல. பொடியாகிவிட்டால் இந்த வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இலையாக வாங்கி, பார்த்துப் பிரித்து, நிழலில் உலர்த்தி, காம்பு ஒடிந்தால் 'டக்' என்று ஒலிக்கும் பக்குவத்தில் நீங்களே இடிக்க வேண்டும் என்கிறோம். அரைத்து வரும் மூட்டையை வாங்கிப் பெயர் ஒட்டக் கூடாது.

வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டும் ஈரநிலச் செடிகள். சாக்கடை கலந்த வாய்க்காலில் நின்றால் ஈயம், காட்மியம் போன்றவற்றை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், குறிப்பாக நீர்ப்பிரமி. அறிவு வளரக் கொடுப்பதாக நினைத்து மூளையைக் கெடுக்கும் ஈயத்தைக் கொடுப்பது எத்தனை பெரிய கொடுமை. சரக்கு எந்த ஊர், எந்த நீர் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

'மூன்றே நாளில் அடம் தீரும்' என்ற வாசகத்துக்கும் நீர்ப்பிரமிக்கும் தொடர்பில்லை. பெரியவர்களிடம் அதன் சத்தை வைத்து நடந்த ஆய்வுகள் பல 12 வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தவை. பெரும்பாலும் அளந்தது நினைவாற்றலை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். ஒரு குழந்தைப் பொடி உண்மையிலேயே மூன்று நாளில் துள்ளலை அடக்கிவிட்டால், அதில் தூக்க மாத்திரை கலந்திருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

அசுவகந்தா என்னும் அமுக்கராவில் வேரா இலையா என்பதே முதல் கேள்வி. பயன்பாட்டில் இருப்பது வேர். விதாபெரின் ஏ என்ற வீரியமான பொருள் இலையில் மிகுதி. இலையோ விலை மலிவு. அமுக்கரா உண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் அது சேர்ந்த உணவுப் பொருள்களையே தடை செய்தது. அந்தத் தடை சரியா மிகையா என்று பெரியவர்களைப் பற்றி வாதிடலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் பொடியில் அதைச் சேர்ப்பதற்கு எந்த வாதமும் இல்லை. வலேரியன், எலுமிச்சைத் தைலச்செடி (லெமன் பாம்), லாவெண்டர் என்று இணையவழி விற்கும் சீமை மூலிகைத் தேநீர்களுக்கும் இதேதான். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு இவற்றை 12 வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. போதிய தரவு இல்லை என்பதே அது சொல்லும் காரணம். அவை விளைகிற கண்டத்திலேயே அப்படி என்றால், இங்கே 'மூன்று வயது முதல்' என்று அச்சிட உங்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

பேச்சு வரவில்லை, படிப்பு ஏறவில்லை என்று வருவோருக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்கும் சாரஸ்வதாரிஷ்டம் நல்ல மருந்துதான். ஆனால் அரிஷ்டம் என்பது ஊறிய மருந்து. தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 விழுக்காடு என்று சிட்டையிலேயே இருக்கும். 8 விழுக்காடு என்று வைத்தால், 10 மில்லியில் 0.8 மில்லி சுத்த ஆல்கஹால். அதைக் காலையும் இரவும் ஆறு மாதம் என்று கடைமேசையில் நின்று சொல்லிவிட முடியாது. வைத்தியர் சீட்டு இல்லாமல் குழந்தைக்கு அரிஷ்டம் கொடுக்காதீர்கள்.

வாயில் போகாதது என்பதால் எண்ணெயும் புகையும் தீங்கற்றவை ஆகிவிடாது. கற்பூரம் தோல் வழியாகவும் இறங்கும். ஒரு கிராம் கற்பூரம் உள்ளே போய்ச் சிறு குழந்தை உயிரிழந்த பதிவு மருத்துவ நூல்களில் இருக்கிறது. நீலகிரித் தைலம் சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம். 'மனம் இலேசாகும்' என்று இரண்டு வயதுக்குக் கீழே மார்பிலும் மூக்கடியிலும் பூசச் சொல்லும் தைலங்களை விற்பதை நிறுத்துங்கள். தைலக்குப்பிக்கும் ஓமத்தண்ணீர்க் குப்பிக்கும் ஒரே அளவு, ஒரே மூடி. இரவில் தூக்கக் கலக்கத்தில் மாற்றி ஊற்றிவிடுவார்கள். சாம்பிராணிப் புகையும் புகைதான். மூக்கடைத்த பிள்ளைக்கு அதைக் காட்ட வேண்டாம்.

இத்தனையும் சொன்னதால் மூலிகையே வேண்டாம் என்கிறோம் என்று கொள்ளாதீர்கள். குழந்தையின் மனதுக்கு இதமான சரக்குகள் உங்கள் கடையிலேயே இருக்கின்றன. லாபம் குறைவு என்பதால் பின்வரிசைக்குப் போய்விட்டன. வெட்டிவேர் ஒன்று. 10 கிராம் வேரை மண் போக இரண்டு மூன்று முறை அலசி, 2 லிட்டர் இளஞ்சூட்டு நீரில் அரை மணி ஊற வைத்து, அந்த நீரை மாலைக் குளியலில் கலக்கச் சொல்லுங்கள். வேரை வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு முறை பயன்படுத்தலாம். மணம் போனாலோ கரும்புள்ளி விழுந்தாலோ எறிந்துவிட வேண்டும். சாயம் ஏற்றிய வேர் நீரைச் செம்மண்போல் கலக்கும், அதை வாங்காதீர்கள். மண் படிந்து தெளியும், சாயம் தெளியாது.

வல்லாரைக்கு அடுப்படிதான் சரியான இடம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 8 முதல் 10 இலை, வாரம் இரண்டு முறை, உளுந்தும் தேங்காயும் சிறிது புளியும் சேர்த்துத் துவையலாக. இலையை நல்லெண்ணெயில் சுருளும்வரை வதக்கினால் கசப்பு இறங்கும். வரப்பில் பறித்ததை உப்பு நீரில் அலசிய பிறகும் பச்சையாகத் தர வேண்டாம். புழு முட்டைகள் ஒட்டியிருக்கலாம். இதே வல்லாரையை மாத்திரையாக உண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005-ல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவானது. கீரையாக உண்பதும் செறிவூட்டி உண்பதும் வேறு வேறு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பி அழும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, அரைத் தேக்கரண்டி சீரகத்தை அரை லிட்டர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டி, கால் டம்ளர் வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். அன்னாசிப்பூவை மட்டும் பிள்ளைகளின் குடிநீரில் போடாதீர்கள். ஜப்பானிய அன்னாசிப்பூ என்ற நச்சு இனம் அதில் கலந்து வரக்கூடும்; உடைத்துப் பார்த்தும் பிரிக்க முடியாது. அந்தக் கலப்பால் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால்தான் அமெரிக்காவில் 2003-ல் அன்னாசிப்பூத் தேநீருக்கு எதிராக எச்சரிக்கை வெளியிட்டார்கள்.

இந்தச் சரக்குகள் செய்யும் வேலையில் பாதி அவற்றின் குணத்தால். மறுபாதி அந்த நேரத்தால். தினமும் ஒரே மணிக்கு வெந்நீர்க் குளியல், பிறகு மங்கிய விளக்கு, கைப்பேசி இல்லாத அரை மணி, காலைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்காரும் ஒரு பெரிய ஆள். மூலிகை அந்த அரை மணிக்கு ஒரு சாக்கு. பொடியை விழுங்க வைத்துவிட்டுப் போய்விட்டால் அந்த மறுபாதி போய்விடுகிறது.

பிள்ளையின் அடத்துக்கும் தூக்கமின்மைக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வாயைத் திறந்து குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு என்ற சதை வளர்ந்திருக்கலாம். அதற்கு மயக்கும் சரக்கு கொடுப்பது மூச்சுத் தடையை மோசமாக்கும். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழும் பிள்ளைக்குக் கீரிப்பூச்சி. படுத்ததும் காலை உதறிக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா என்று இரத்தம் பார்க்க வேண்டும். பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். திடீரென்று ஒரு குறிப்பிட்ட உறவினரையோ ஆசிரியரையோ கண்டு ஒடுங்கும் பிள்ளைக்கு எந்தச் சூரணமும் பதில் அல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்தான் பதில். பேசிய சொற்களை இழந்த பிள்ளை, கண்ணைப் பார்க்காத பிள்ளை, மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆட்டிசத்துக்கும் வலிப்புக்கும் பொடி விற்று நீங்கள் பறிப்பது அவர்கள் பணத்தை மட்டுமல்ல, பயிற்சி பலன் தரும் வயதையும்.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்கத் தனி உரிமம் தேவையில்லை என்பதால் எதற்குமே உரிமம் தேவையில்லை என்று பலர் எண்ணுகிறீர்கள். சரக்குகளைக் கலந்து, இடித்து, 'இந்தக் குறை தீரும்' என்று எழுதி ஒட்டினால் அது விற்பனை அல்ல, மருந்து உற்பத்தி. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் படிவம் 25-டி உரிமம் வேண்டும். அந்தச் சட்டத்துக்கான 1945-ஆம் ஆண்டு விதிகளின் 161-ஆம் விதி, சேர்ந்த சரக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு என்ற உண்மையான பட்டியலை உறைமேல் போடச் சொல்கிறது. 'முதலியன' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. வலிப்பைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டப்படி குற்றம். 'இது மருந்தல்ல, ஆயுர்வேத ஆகாரம்' என்று தப்பிக்கவும் வழியில்லை: 2022-ல் வந்த ஆயுர்வேத ஆகார (உணவு) ஒழுங்குமுறை, 24 மாதம் வரையான குழந்தைகளுக்கு அத்தகைய ஆகாரத்தை அனுமதிக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

இப்போது தொங்கும் கலவைப் பொட்டலங்களில் பச்சை வசம்பு, சாதிக்காய், அமுக்கரா, கசகசா சேர்ந்தவற்றை இந்த வாரமே இறக்கிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத பொட்டலங்களை முதலில் இறக்குங்கள்.

இனி போடும் ஒவ்வொரு உறையிலும் சரக்கின் தமிழ்ப்பெயர், தாவரவியல் பெயர், வேர், இலை, விதை என எந்த உறுப்பு, எத்தனை கிராம், எந்த வயதுக்குக் கீழே கூடாது, ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நாளில் நிறுத்த வேண்டும், இடித்த தேதி ஆகியவை தமிழில், படிக்கக்கூடிய அளவு எழுத்தில் இருக்கட்டும். அளவை ஸ்பூனில் சொல்லாமல் கிராமில் சொல்லி, அந்த அளவே பிடிக்கும் கரண்டியை உள்ளே வையுங்கள். 'பக்க விளைவு இல்லை' என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். 'ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது' என்பதைச் சிவப்பில் போடுங்கள்.

வசம்பு வளையல் விற்பதை நிறுத்துங்கள். உரை மருந்துச் சரக்கு கேட்டு வருவோருக்கு முழுச் சரக்காகவே கொடுங்கள். கொடுக்கும்போது உடைத்துக் காட்டுங்கள்: உள்ளே துளையோ பூசணமோ தூளோ இருந்தால் அது குப்பைக்கு. ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு என்றால் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் என்றால் கல்லைக் கழுவிக் கொதிநீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு இழைப்பு, அதுவும் சித்த மருத்துவர் சொன்ன பிறகு.

கல்லாவில் உட்காருபவர் யாராக இருந்தாலும் பிள்ளைக்கு என்று கேட்டவுடன் ஐந்து கேள்விகள் கேட்கட்டும்: வயது என்ன, எடை எவ்வளவு, வேறு மருந்து சாப்பிடுகிறதா, வலிப்பு வந்ததுண்டா, இந்தத் தொந்தரவு எத்தனை நாளாக? வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு எதையும் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேசவில்லை என்றால் சரக்கு எடுக்கும் கையை நிறுத்தி, குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணை எழுதிக் கொடுங்கள். எழுப்ப முடியவில்லை, விடாத வாந்தி, கண் மஞ்சள், வலிப்பு என்று யாராவது திரும்பி வந்தால் மாற்றுச் சரக்கு தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அவர்கள் வாங்கிய பொட்டலத்தையும் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.

உங்கள் சங்கங்கள் கூடும்போது இந்த மடலைப் படித்து, இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். மூன்று மாதம் காத்திருப்போம். அதன் பிறகும் 'முதலியன' அச்சிட்ட குழந்தைப் பொட்டலம் கடையில் தொங்கினால், உறையோடும் வாங்கிய ரசீதோடும் மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் புகார் கொடுப்போம்.

குழந்தைகளுக்காகவும் இந்த மருத்துவத்துக்காகவும்,
மூலிகையும் பிள்ளை வளர்ப்பும் அறிந்தவர்கள்